பெயர் அழிந்த ஸ்டார்ட்டர் ரிலே: முனைகளைக் கண்டறிந்து படகில் இணைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் மின்வேலைகளில் பெரும்பகுதி மீன்பிடித் தடைக்காலத்தில்தான் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் படகுகள் கட்டிக் கிடக்கும்போது எஞ்சின் அறையைத் திறந்து பார்த்தால், எஞ்சினைச் சுற்றித் தொடங்கி வைக்கும் செல்ஃப் மோட்டாருக்குப் பக்கத்தில் உப்புப் பூத்து, களிம்பு ஏறி, எழுத்தெல்லாம் உதிர்ந்துபோன ஒரு ரிலேயைப் பெரும்பாலும் காணலாம். அதற்கு மாற்றாகப் புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றி விற்கும் ரிலேயை வாங்கி வந்தால் அதிலும் எழுத்து இருப்பதில்லை. எந்த முனை பேட்டரிக்கு, எந்த முனை சாவிக்கு, எந்த முனை எர்த்துக்கு என்பது தெரியாமல், பழையது எப்படி இருந்ததோ அப்படியே வயரைப் பிடுங்கி மாட்டிவிடுவதுதான் பலருடைய வழக்கம். அது பல நேரம் வேலை செய்துவிடுகிறது என்பதே அதன் ஆபத்து. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும் இரண்டு ரிலேக்களுக்கு உள்ளே இணைப்பு வேறுவேறாக இருக்கக்கூடும். மீட்டர் வைத்துக் கால் மணி நேரம் சோதித்தால் அந்த வேறுபாடு சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்துவிடும். அந்தச் சோதனையையும் அதன் பிறகு செய்ய வேண்டிய இணைப்பையும் வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

ரிலே எதற்காக இருக்கிறது

எஞ்சினில் பொருத்தியுள்ள செல்ஃப் மோட்டாரின் முதுகில் சோலனாய்டு என்னும் ஒரு மின்காந்தச் சுவிட்ச் இருக்கும். பல்சக்கரத்தை முன்னே தள்ளிக் கோப்பதும், மோட்டாருக்குப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடுவதும் அதன் வேலை. டீசல் எஞ்சின்களில் இந்தச் சோலனாய்டே இழுக்கும் கணத்தில் 30, 40 ஆம்பியர் வரை கேட்கும். கேபினில் உள்ள சாவியிலிருந்து எஞ்சின் அறைக்குப் போய்த் திரும்பும் வயர் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அந்த நீளத்துக்குத் தடை ஏறத்தாழ 0.23 ஓம். அதில் 40 ஆம்பியர் ஓட வேண்டுமென்றால் கணக்குப்படி 9 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே விழுந்துவிடும்; 12 வோல்ட் படகில் சோலனாய்டுக்கு எதுவுமே மிஞ்சாது. நடுவில் ஒரு ரிலேயை வைத்தால் சாவி வழியாக ரிலேயின் காயிலுக்கு, அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்கு, வேண்டிய சிறு மின்னோட்டம் மட்டும் போகும். பெரிய மின்னோட்டம் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் சோலனாய்டுக்குச் சென்றுவிடும்.

படகில் இரண்டு வகை ரிலேக்களைக் காண்கிறோம். ஒன்று, தீப்பெட்டியைவிடச் சிறிய, கறுப்பு பிளாஸ்டிக் கூடுள்ள, தட்டையான நான்கு அல்லது ஐந்து பின்கள் கொண்ட கட்டை ரிலே. இது 30, 40 ஆம்பியர் தாங்கும். சோலனாய்டை இயக்குவதற்கு மட்டுமே உதவும், செல்ஃப் மோட்டாரை நேரடியாக இதில் இணைக்கக் கூடாது. மற்றது, இரண்டு பெரிய செம்பு போல்ட்டுகளும் ஒன்றோ இரண்டோ சிறு போல்ட்டுகளும் கொண்ட உருளை வடிவ ரிலே. இது நூற்றுக்கணக்கான ஆம்பியரை நேரடியாக மோட்டாருக்கே கொடுக்கும். குழப்பமும் விபத்தும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் நேர்கின்றன. ஆகவே அதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கை வைப்பதற்கு முன்

எஞ்சினின் ஸ்டாப் நாபை வெளியே இழுத்து வையுங்கள்; அல்லது டீசல் வராதபடி வால்வை மூடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். படகு தண்ணீரில் இருந்தால் பின்புறம் சுக்கானுக்கும் விசிறிக்கும் அருகே யாரும் முக்குளித்துக்கொண்டிருக்கவில்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். தடைக்காலத்தில் விசிறியில் சிக்கிய வலையை அறுக்க ஆள் இறங்கியிருப்பது அடிக்கடி நடப்பதே.

பேட்டரியில் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் எஞ்சின் இரும்பில் தட்டியவுடன் முழுப் பேட்டரியும் அந்த ஸ்பேனர் வழியாக ஓடும். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜனை வெளியிடுகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது பற்றிக்கொள்ளும். எனவே எஞ்சின் அறைக் கதவைத் திறந்து வைத்துச் சற்று நேரம் காற்றாட விடுங்கள். பெட்ரோல் எஞ்சின் உள்ள படகானால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகும். அங்கே பொறி வெளியே வராதபடி அடைக்கப்பட்ட ரிலேயைத் தவிர வேறெதையும் பொருத்தக் கூடாது. மோதிரம், காப்பு, இரும்பு வார் வைத்த கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

தேவையானவை அதிகம் இல்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு 12 வோல்ட் பேட்டரி, 10 ஆம்பியர் ப்யூஸ் போட்ட ஒரு வயர், வண்டியின் பார்க்கிங் விளக்கில் போடும் 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்று, உப்புத்தாள், இரண்டு ஸ்பேனர்கள், ஒட்டுத்தாள், பேனா ஆகியவை போதும். பழைய ரிலேயைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு வயரிலும் ஒட்டுத்தாள் சுற்றி எண் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கடல் எஞ்சின்களில் ஸ்டார்ட்டர் சுற்றுக்குச் சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் வயர் என்று ஒரு மரபு உண்டு. ஆனால் நம் படகுகளில் பத்து ஆண்டு பழுது பார்த்த பிறகு கையில் கிடைத்த நிறமே வயராக இருக்கிறது.

கட்டை ரிலேயின் பின்களைக் கண்டறிதல்

பின்களை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். களிம்பின் மேல் மீட்டர் முள்ளை (மீட்டர் வயரின் கூர்முனையை) வைத்தால் தவறான அளவே கிடைக்கும். ரிலேயைத் தாளில் வைத்துப் பின்களின் இருப்பிடத்தை வரைந்து அ, ஆ, இ, ஈ என்று பெயரிடுங்கள். மீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து, இரண்டு இரண்டு பின்களாக எல்லா இணைகளையும் அளந்து எழுதுங்கள். நான்கு பின்னுக்கு 6 இணைகள், ஐந்து பின்னுக்கு 10 இணைகள் வரும். 24 வோல்ட் ரிலேயாக இருக்கலாம் என்று தோன்றினால் 2000 ஓம் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்கு பின் ரிலேயில் ஒரே ஒரு இணை மட்டும் அளவு காட்டும், அதுவே காயில். 12 வோல்ட் ரிலேயானால் 70 முதல் 100 ஓம், 24 வோல்ட் ரிலேயானால் 250 முதல் 350 ஓம் அளவில் இருக்கும். மிஞ்சிய இரண்டு பின்களும் காண்டாக்ட், அதாவது காயில் இழுக்கும்போது ஒன்றுசேரும் முனைகள். ஐந்து பின் ரிலேயில் காயிலைத் தவிர இன்னொரு இணை ஏறத்தாழ சுழியம் காட்டும். அதைக் கண்டு அவசரப்படக் கூடாது. இங்கே இரண்டு சாத்தியங்கள் உள்ளன. காயிலுக்கு மின்சாரம் கொடுத்து 'டிக்' என்று இழுக்க வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அந்தச் சுழிய இணை இப்போது பிரிந்து, அதில் ஒரு பின் மட்டும் தனியாக இருந்த மூன்றாவது பின்னோடு சேர்ந்தால் இது இரு பக்கமும் மாறி மாறி இணைக்கும் ரிலே (எண்களின் பொருளை அடுத்த பத்தியில் சொல்கிறேன்). இரண்டு நிலையிலும் தொடர்பில் இருந்த அந்தப் பின்தான் பொது முனையான 30, தனியாக இருந்து சேர்ந்தது 87, விட்டுப்போனது 87ஏ. சுழிய இணை பிரியாமல் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால், அந்த இணை உள்ளேயே ஒட்டப்பட்ட இரண்டு 87 முனைகள். தனித்திருந்த பின்தான் 30.

இந்த 30, 85, 86, 87 என்ற எண்கள் ஜெர்மன் தரநிலை ஒன்றிலிருந்து வந்து உலகெங்கும் பரவியவை. 85, 86 காயிலுக்கும், 30, 87 காண்டாக்டுக்கும் உரியவை. பின் இருக்கும் இடத்தை வைத்தே எண்ணைச் சொல்லிவிடலாம் என்று சிலர் கூறுவார்கள். 30, 86 என்னும் இரண்டு முனைகளும் இடம் மாறி வரும் இரண்டு அமைப்புகள் சந்தையில் உள்ளன. ஆகவே இடத்தை நம்பாமல் அளந்தே முடிவு செய்யுங்கள். 87ஏ முனையைத் தவறுதலாக 87 என்று எடுத்துக்கொண்டால் மெயின் சுவிட்சைப் போட்டவுடனேயே, சாவியைத் தொடாமலே, செல்ஃப் சுற்றத் தொடங்கிவிடும்.

மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு காயிலோடு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டயோடு உள்ள ரிலேயில் 86 பாசிட்டிவுக்கும் 85 நெகட்டிவுக்கும் போக வேண்டும். திருப்பி மாட்டினால் டயோடு குறுக்கு வழியாகிவிடும். மீட்டரின் டயோடு நிலை இதைக் காட்டிக் கொடுக்காது. அது கொடுக்கும் சிறு மின்னோட்டம் பக்கத்தில் இருக்கும் காயில் வழியாகவே ஓடிவிடுவதால், டயோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீட்டரில் ஒரே அளவுதான் வரும். இதற்குத்தான் அந்த 5 வாட் பல்பு. பேட்டரியோடு பல்பையும் காயிலையும் தொடராக இணைத்து, காயிலை இரு திசைகளிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரண்டு திசையிலும் பல்பு எரியாமல் ரிலே 'டிக்' என்றால் டயோடு இல்லை. ஒரு திசையில் 'டிக்', மறு திசையில் பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்தால் டயோடு உண்டு. 'டிக்' என்ற திசையில் பாசிட்டிவ் எந்தப் பின்னில் இருந்ததோ அதை 86 என்று எழுதிக்கொள்ளுங்கள். சில ரிலேக்களில் டயோடு தொடராகவும் இருப்பதுண்டு. எந்த இணையிலும் காயில் அளவு கிடைக்கவில்லை என்றால், முட்களை இடம் மாற்றி ஒருமுறை அளந்துவிட்டு அதன் பிறகே ரிலே கெட்டது என்று ஒதுக்குங்கள்.

பெரிய ரிலேயின் போல்ட்டுகளைக் கண்டறிதல்

முதலில் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே அளவு பாருங்கள். எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இருந்தால், இரண்டையும் இணைப்பதற்காக உள்ளே இருக்கும் செம்பு வட்டு உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேட்டரியை மாட்டியவுடன் செல்ஃப் நிற்காமல் சுற்றும். அதைத் தட்டிச் சரிசெய்து பயன்படுத்த நினைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அடுத்து மீட்டரின் இரு முட்களையும் ஒன்றோடொன்று தொட்டு, வயரின் தடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 0.3 அல்லது 0.5 ஓம் காட்டும். இங்கே நாம் அளக்கப்போகும் காயில் 3 முதல் 5 ஓம் மட்டுமே இருப்பதால், அந்த அரை ஓமைக் கழிக்காவிட்டால் கணக்குத் தவறும்.

இப்போது சிறு போல்ட் ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற எல்லாவற்றுக்கும், கூட்டின் இரும்புக்கும் சேர்த்து அளந்து எழுதுங்கள். கூட்டில் பெயின்ட் இருந்தால், ரிலேயை முடுக்கும் காலில் சிறிது சுரண்டிவிட்டு முள்ளை வையுங்கள். கிடைக்கும் அளவுகளைப் பொறுத்து ரிலே நான்கு வகைகளில் ஒன்றாக இருக்கும்.

இரண்டு சிறு போல்ட்டுகளுக்கு இடையே காயில் அளவு வந்து, இரண்டிலிருந்தும் கூட்டுக்கு எந்தத் தொடர்பும் இல்லாவிட்டால், காயிலின் இரு முனைகளும் வெளியே வந்திருக்கின்றன. படகுக்கு மிகவும் பொருத்தமானது இதுதான். ஒன்றைச் சாவிக்கும் மற்றதை நெகட்டிவுக்கும் கொடுக்கலாம்.

ஒரு சிறு போல்ட்டிலிருந்து கூட்டுக்கு 3 முதல் 5 ஓம் வந்து, மற்றச் சிறு போல்ட் எதனோடும் தொடர்பில்லாமல் இருந்தால், மிகுந்த கவனம் தேவை. அளவு காட்டிய போல்ட் சாவிக்கு உரியது. காயிலின் மறுமுனை கூட்டிலேயே எர்த் ஆகியிருக்கிறது. தொடர்பில்லாத அந்த இரண்டாவது சிறு போல்ட், ரிலே இழுக்கும்போது உள்ளே வட்டோடு சேர்ந்து பேட்டரியின் முழு வோல்ட்டையும் பெறுகிறது. பழைய பெட்ரோல் எஞ்சின்களில் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் இக்னிஷன் காயிலுக்கு முழு வோல்ட் கொடுப்பதற்காக வைத்த முனை அது. அதை ஒருபோதும் எர்த்தில் இணைக்கக் கூடாது.

இதை நான் கற்றுக்கொண்டது என் கையில் பட்ட சூட்டினால்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தடைக்காலத்தின் கடைசி வாரத்தில், மரப் படகு ஒன்றில் எழுத்தில்லாத ரிலேயை எஞ்சின் பிளாக்கில் இருந்த தகட்டில் பொருத்தினேன். கழற்றிய ரிலேயில் ஒரு சிறு போல்ட் சாவிக்கும் மற்றது எர்த்துக்கும் போயிருந்ததால், புதியதிலும் அளக்காமல் அப்படியே மாட்டினேன். சாவியைத் திருகியதும் ரிலே சரியாக இழுத்தது. அந்தக் கணமே எர்த்துக்குப் போன 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் முழு நீளத்துக்கும் சிவந்து, மேலுறை உருகிச் சொட்டியது. மேலே இருந்த பையன் புகையைப் பார்த்து, "அண்ணே, சாவிய விட்டுட்டேன், மெயின ஆப் பண்ணுங்க" என்று கத்தியதால் அதோடு நின்றது. அடியில் எண்ணெய் கலந்த தண்ணீர் இருந்தது. பக்கத்தில் டீசல் டேங்க் இருந்தது. அன்று முதல், அளவு எழுதிய தாள் இல்லாமல் எந்த ரிலேயையும் நான் பொருத்துவதில்லை.

இந்த வகையை உறுதி செய்ய எளிய வழி உண்டு. ரிலேயின் கூட்டைப் பேட்டரி நெகட்டிவில் பிடித்து, 10 ஆம்பியர் ப்யூஸ் போட்ட வயரால் சாவி முனைக்கு இரண்டு விநாடி பாசிட்டிவ் கொடுங்கள். பெரிய போல்ட்டுகளில் எதையும் இணைத்திருக்கக் கூடாது. 'டக்' என்று இழுத்து நிற்கும்போது, சந்தேகமான சிறு போல்ட்டுக்கும் ஒரு பெரிய போல்ட்டுக்கும் இடையே மீட்டர் பீப் அடித்தால் ஐயமே இல்லை. டீசல் எஞ்சினில் அந்த முனைக்கு வேலை கிடையாது. ரப்பர் மூடி போட்டு அடைத்து விட்டுவிடுங்கள்.

சிறு போல்ட் ஒன்றே ஒன்று இருந்து அது கூட்டுக்கு அளவு காட்டினால், அது மேலே சொன்னதன் எளிய வடிவம். அந்த ஒற்றைப் போல்ட் கூட்டுக்குக் காட்டாமல் ஒரு பெரிய போல்ட்டுக்கு மட்டும் அளவு காட்டினால், அந்தப் பெரிய போல்ட்டில்தான் பேட்டரி வர வேண்டும். சாவி பாசிட்டிவுக்குப் பதிலாக நெகட்டிவைக் கொடுக்க வேண்டும். இந்த வகை அரிது. கிடைத்தால் படகின் மற்ற வயரிங்கோடு ஒத்துப்போகாது என்பதால் வேறு ரிலே தேடுவதே நல்லது.

வோல்ட் எவ்வளவு என்ற கேள்வி மிஞ்சுகிறது. 3 முதல் 5 ஓம் காட்டினால் 12 வோல்ட் ஸ்டார்ட்டர் ரிலே என்று கொள்ளலாம். 15 ஓம் அளவில் காட்டினால் அது 24 வோல்ட் ஸ்டார்ட்டர் ரிலேயாகவும் இருக்கலாம், நெடுநேரம் இழுத்து நிற்கும்படி செய்த 12 வோல்ட் ரிலேயாகவும் இருக்கலாம். 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். உறுதியான ஒலியோடு இழுத்தால் அது பெரும்பாலும் 12 வோல்ட். இழுக்காமல் முனகினாலோ மெதுவாக அசைந்தாலோ 24 வோல்ட். இரண்டு பேட்டரிகளைத் தொடராகக் கட்டிய 24 வோல்ட் படகில் 12 வோல்ட் ரிலேயைப் போட்டால் காயிலில் நான்கு மடங்கு வெப்பம் எழும். சில முறை ஸ்டார்ட் செய்வதற்குள் எரிந்த வாடை வரும்.

வண்டி வேறு, படகு வேறு

லாரியிலும் காரிலும் உடம்பு முழுவதும் இரும்பு. கூட்டை எங்கே முடுக்கினாலும் எர்த் கிடைத்துவிடும். மரப் பலகைக்கும் ஃபைபர் சுவருக்கும் எர்த் கிடையாது. "அண்ணே, புது ரிலே, பேட்டரியும் புதுசு, டிக்குனு ஒரு சத்தம்கூட வரல" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் கூட்டில் எர்த் ஆகும் ரிலேயை ஃபைபர் சுவரில் இரண்டு ஸ்க்ரூ வைத்து அழகாக முடுக்கியிருப்பார்கள். ரிலேயின் கால் துளையில் வட்ட லக் வைத்து, அங்கிருந்து எஞ்சின் பிளாக்கின் நெகட்டிவ் போல்ட்டுக்கு ஒரு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்தால் உடனே இழுக்கும். இரும்புப் படகாக இருந்தாலும் படகின் உடம்பைத் திரும்பும் வழியாகப் பயன்படுத்தாதீர்கள். உடம்பு வழியாக ஓடும் மின்சாரம் கடல்நீரில் இரும்பைத் தின்னும். எர்த் எப்போதும் தனி வயரில் எஞ்சின் நெகட்டிவுக்கே போக வேண்டும்.

இணைக்கும் முறை

ரிலேக்கு இடம் தேடும்போது அடித்தண்ணீர் எட்டாத உயரத்தையும், எக்ஸாஸ்ட் சூடு படாத பக்கத்தையும் பாருங்கள். கட்டை ரிலேயைப் பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் உள்ளே தண்ணீர் தேங்காது. வயர் ரிலேயை அடைவதற்கு முன் சற்றுக் கீழே தொங்கி மேலேறும்படி விட்டால், வயரோடு வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கட்டை ரிலே என்றால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ப்யூஸ் வைத்து, 4 சதுர மில்லிமீட்டர் வயரை 30 முனைக்குக் கொடுங்கள். 87 முனையிலிருந்து அதே பருமனுள்ள வயர் செல்ஃப் சோலனாய்டின் சிறு முனைக்குப் போகட்டும். அந்த முனையில் பெரும்பாலும் 50 என்று எழுதியிருக்கும். சாவியின் ஸ்டார்ட் நிலையிலிருந்து வரும் வயரை 86 முனைக்கும், 85 முனையிலிருந்து நியூட்ரல் சுவிட்ச் (கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் வழிவிடும் சுவிட்ச்) வழியாக நெகட்டிவுக்கும் இணையுங்கள். காயில் வயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். நியூட்ரல் சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று அதைத் தாண்டி நேராக முறுக்கி வைத்திருப்பதைப் பல படகுகளில் பார்க்கிறேன். கியரில் இருக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகிப் படகு பாய்ந்தால், பக்கத்துப் படகுக்கும் நடுவில் நிற்கும் ஆளுக்கும் என்ன ஆகும் என்பதைத் துறைமுகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுவிட்சை மாற்றுங்கள், தாண்டாதீர்கள்.

பெரிய ரிலே என்றால் பேட்டரியின் தடித்த கேபிளை ஒரு பெரிய போல்ட்டிலும், மோட்டாருக்குப் போகும் கேபிளை மற்றதிலும் வையுங்கள். சிறு போல்ட்டுகளுக்கும் பெரிய போல்ட்டுகளுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லாத சாதாரண வகையில் எந்தப் போல்ட் எந்தப் பக்கம் என்ற கட்டாயம் இல்லை. ஆல்டர்னேட்டர், விளக்கு போன்றவற்றுக்கான வயர்கள் பேட்டரிப் பக்கத்துப் போல்ட்டிலிருந்து மட்டுமே பிரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ப்யூஸ் வேண்டும். காயிலின் ஒரு முனைக்குச் சாவியும், மற்றதற்கு நெகட்டிவும் கொடுங்கள். கூட்டில் எர்த் ஆகும் வகையானால் மேலே சொன்னபடி காலிலிருந்து தனி வயர் இழுங்கள். நியூட்ரல் சுவிட்ச் இங்கே சாவி வயரில் தொடராக வர வேண்டும்.

நட்டை முடுக்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரிய போல்ட்டின் அடியில் கூட்டை ஒட்டி ஒரு நட் இருக்கும். அதை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு மேல் நட்டை இன்னொன்றால் முடுக்குங்கள். பிடிக்காமல் முடுக்கினால் போல்ட்டே திரும்பும். போல்ட்டோடு உள்ளே இருக்கும் செம்புத் தலையும் திரும்பிச் சாய்ந்துவிடும். அதன் பிறகு வட்டு இரண்டு பக்கமும் சமமாகப் படாமல் ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுப் பொறி பறந்து, ஒரு பருவத்துக்குள் ஒட்டிக்கொள்ளும். புதிய ரிலே சீக்கிரம் போய்விட்டது என்று குறைபடுபவர்களின் ரிலேயை அறுத்துப் பார்த்தபோது இந்தச் சாய்வை நான் கண்டிருக்கிறேன்.

வயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருந்தால் களிம்பு மெதுவாக ஏறும். லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல் கிரிம்ப் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயை மேலே ஏற்றிச் சூடு காட்டுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் உப்பு ஈரம் அதற்குள்ளேயே தங்கி வயரைக் கறுக்க வைக்கும். எல்லாம் முடுக்கிய பிறகு முனைகளின் மேல் மெல்லியதாக வாசலின் பூசி, ரப்பர் மூடியைப் போடுங்கள்.

மின்சாரம் கொடுத்துச் சோதித்தல்

சாவியையும் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கழற்றி வைத்த நெகட்டிவ் கேபிளுக்கும் நடுவில் அந்த 5 வாட் பல்பைப் பிடியுங்கள். 24 வோல்ட் படகானால் 24 வோல்ட் பல்பு வேண்டும். பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கேபிளை மாட்டக் கூடாது. எரியாவிட்டால் கேபிளை மாட்டி, ஸ்டாப் நாப் இழுத்தபடியே இருக்கட்டும், சாவியை இரண்டு விநாடி திருகுங்கள். ஒரே ஒரு 'டக்' ஒலியோடு எஞ்சின் சுற்ற வேண்டும். சாவியை விட்டதும் உடனே நிற்க வேண்டும். கியரைப் போட்டு ஒருமுறை திருகுங்கள். ஒன்றும் நடக்கக் கூடாது.

'டக டக டக' என்று தொடர்ந்து தட்டினால் உடனே ரிலேயைக் குற்றம் சொல்லாதீர்கள். பேட்டரி இறங்கியிருந்தாலோ எர்த் கேபிள் தளர்ந்திருந்தாலோ, மோட்டார் சுமை ஏறியதும் வோல்ட் விழுந்து ரிலே விடும். விட்டதும் வோல்ட் ஏறி மறுபடி இழுக்கும். இதைப் பிரித்தறிய எஞ்சினைச் சுற்ற வைத்தபடி வோல்ட் அளக்க வேண்டும். பேட்டரி முனைகளில் 12 வோல்ட் படகில் 9.6க்குக் கீழும், 24 வோல்ட் படகில் 19க்குக் கீழும் போகக் கூடாது. ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளிலும் முட்களை வைத்தால், சாவியைத் திருகாதபோது முழு பேட்டரி வோல்ட் காட்டும், அது இயல்பு. சுற்றும்போது அது 0.2 வோல்ட்டுக்குள் இறங்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் வட்டு தேய்ந்திருக்கிறது. பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தலையிலிருந்து மோட்டார் போல்ட் வரை மொத்தம் 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. முள்ளைக் கேபிள் கிளாம்பில் வைக்காமல் ஈயத் தலையிலேயே வையுங்கள். பல நேரம் இழப்பு அந்தக் கிளாம்புக்கும் தலைக்கும் இடையில்தான் ஒளிந்திருக்கும். அதேபோல எஞ்சின் பிளாக்கிலிருந்து பேட்டரி நெகட்டிவ் தலை வரையிலும் ஒருமுறை அளந்து, 0.3 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃபைச் சுற்ற விடாதீர்கள். அடுத்த முறைக்கு முன் ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள்.

எல்லாம் சரியாக வந்தபின் நகப்பூச்சாலோ வெள்ளை எனாமலாலோ ஒவ்வொரு முனைக்கும் அருகே பேட்டரி, மோட்டார், சாவி, எர்த் என்று தமிழிலேயே எழுதுங்கள். அளவுகள் எழுதிய தாளில் ரிலேயின் வோல்ட்டையும் காயில் ஓமையும் பொருத்திய தேதியையும் சேர்த்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு எஞ்சின் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். கரையிலிருந்து வெகுதூரத்தில் நள்ளிரவில் செல்ஃப் எடுக்காமல் போனால், டார்ச் வெளிச்சத்தில் டிரைவர் முதலில் தேடப்போவது அந்தத் தாளைத்தான்.